சூசொக் மேசையில் எட்டுக் கரண்டித் தூள்

என்னை ஆசிரியர் என்று கூப்பிட்டவர்கள் இந்த உலகத்தில் ஐந்து பேர்தான். ஐவரும் கொரியாவில் பிறந்த பெண்கள். ஐவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரை. அதை அவர்களுக்கு நான் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை. இது இப்படியே போய்விட்டால் போதும் என்று இரண்டு வருடமாக நான் வேண்டாத கடவுள் இல்லை.

ஜெர்மனியில் ஆரம்பப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் நான் ஆரம்பப் பள்ளியைத் தாண்டி ஒரு வருடம் மேலே படித்தவன். இதை ஒருநாள் என் மனுசியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப ஏன் இன்னும் வெங்காயம் உரிக்கிறியள்?" என்று கேட்டாள்.

நான் வேலை செய்வது ரூர் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில். வெங்காயம் உரிப்பது, உருளைக்கிழங்கு அவிப்பது, சட்டி கழுவுவது. எனக்கு ஏற்ற வேலை. வெங்காயம் யாரையும் கேள்வி கேட்காது. மதிய இடைவேளையில் பின்கதவுப் பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகே ஒரு கதிரை போட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன சோறு கறியைச் சாப்பிடுவேன். அங்கே யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் அந்த இடத்தின் சிறப்பு.

அங்கேயும் ஒருவர் வந்தார். ஐம்பது வருடத்துக்கு முன் தாதியாக வேலை செய்ய இந்த நாட்டுக்கு வந்த கொரியப் பெண். ஓய்வு பெற்ற பிறகு, புதன்கிழமைகளில் எங்கள் இல்லத்து முதியவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட வருவார். நான் அவரை அக்கா என்றுதான் மனதுக்குள் வைத்திருக்கிறேன். வாசனை பிடித்துக்கொண்டு வந்தவர், என் சோற்றுக் கோப்பையை எட்டிப் பார்த்தார். ஒரு கரண்டி கொடுத்தேன். கண் கலங்க, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி கேட்டார். ஒரு மாதம் கழித்து, "எங்கடை சிநேகிதியளுக்கு இதைச் சொல்லித்தாங்கோ" என்றார்.

நாங்கள் கதைத்தது டொச்சில், ஜெர்மன் மொழியில். ஆனால் எனக்கு அது எங்கள் வீட்டுப் பேச்சுப் போலத்தான் காதில் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு ஒருவரிடமும் ஏலாது என்று சொல்ல வராது. தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். குனிந்த தலையை அக்கா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை பத்து மணிக்கு, ஒரு தேவாலய மண்டபத்துக் குசினியில் வகுப்பு ஆரம்பமானது.

முதல் நாள் அக்காவோடு சேர்த்து ஐந்து முகங்களையும் ஒன்றாகப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சட்டியைப் பார்த்துப் பேசலாம், பயமில்லை. "இப்ப வெங்காயம் போடுறம்" என்று சட்டிக்குச் சொன்னேன். "பொன்னிறமா வரவேணும்" என்று சட்டிக்குச் சொன்னேன். இதுதான் எங்கள் நாட்டில் பாடம் நடத்தும் முறை என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். ஐந்து பேரும் என் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்று, தோளுக்கு மேலாலும் கைக்குக் கீழாலும் எட்டிப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்கள்.

"உப்பு எத்தினை கிராம்?" என்று ஒருவர் கேட்டார். உள்ளங்கையைக் காட்டினேன். வாழ்நாள் முழுவதும் மருந்து அளந்த பெண்கள் அவர்கள். அடுத்த வகுப்புக்கு அவர் ஒரு சின்னத் தராசு கொண்டுவந்தார். நான் கையில் எடுத்த உப்பைச் சட்டியில் போட விடாமல், தராசில் கொட்டச் சொல்லி நிறுத்தார். பதினெட்டு கிராம். அடுத்த கிழமையும் பதினெட்டு. அதற்கடுத்த கிழமையும் பதினெட்டு வந்தபோது தராசுக்காரப் பெண் கொப்பியை மூடிவிட்டு எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். அன்றிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது. சொன்செங்நிம். கொரிய மொழியில் ஆசிரியரை மரியாதையாகக் கூப்பிடும் சொல். முதல் தடவை கேட்டபோது, யார் வந்திருக்கிறார்கள் என்று நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அந்தச் சொல்லுக்கு நான் பழகிவிட்டேன். அதுதான் பிழை. வெள்ளிக்கிழமை பின்னேரமே சேர்ட் அயர்ன் பண்ண ஆரம்பித்தேன். மனுசி கவனித்துவிட்டாள்.

"வாத்தியார் நாளைக்கு என்ன பாடம்?"

"பருப்பு."

"பருப்புக்கு ஏன் கொலர் சேர்ட்?"

அக்காவின் கணவர் வகுப்புக்கு வந்ததில்லை. அவர் இந்தப் பகுதி நிலக்கரிச் சுரங்கத்தில் இருபது வருடம் வேலை செய்தவர். ஒவ்வொரு சனியும் அக்கா ஒரு பெட்டி கறியை அவருக்குக் கொண்டுபோவார். அடுத்த சனி அறிக்கை வரும். "கழுத்திலை துவாயைச் சுத்திக்கொண்டு சாப்பிட்டவர். மொட்டந்தலையெல்லாம் வேர்த்து ஓடினது. துடைச்சுத் துடைச்சுச் சாப்பிட்டவர். ஆசிரியரிட்டைச் சொல்லு, என்ன நடந்தாலும் உறைப்பைக் குறைக்க வேண்டாம் எண்டு சொன்னவர்." ஒருமுறை அக்காவைக் கூட்டிப்போகக் காரில் வந்தபோது பார்த்தேன். காரை விட்டு இறங்கி, கறிப் பெட்டியை என்னிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பு வரை குனிந்தார். நானும் குனிந்தேன். இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

போன வசந்தகாலத்தில் அவர் இறந்துபோனார். வகுப்பு மூன்று கிழமை நின்றது. நான்காம் கிழமை அக்கா வந்து, ஆட்டிறைச்சிக் கறி சொல்லித்தரச் சொன்னார். முடிந்ததும் வழக்கம்போல ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தேன். அதை யார் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பரில் அக்கா என்னைச் சூசொக்குக்குக் கூப்பிட்டார். அது கொரியர்களின் அறுவடைப் பண்டிகை. முழுநிலவு நாளில் வரும். புது அரிசியில் பலகாரம் செய்வார்கள். செத்துப்போனவர்களைக் கூப்பிட்டு முதலில் அவர்களுக்குப் படைப்பார்கள். எங்கள் பொங்கலையும் படையலையும் ஒரே நாளில் வைத்ததுபோல.

"அவர் போன பிறகு வாற முதல் சூசொக்" என்றார் அக்கா. "மகளுக்கு லீவு இல்லை. இந்த நாட்டிலை ஆருக்கு அது பண்டிகை? வீட்டிலை ஆக்கள் இருக்கவேணும். நீங்கள் வாங்கோ. ஒண்டும் கொண்டுவர வேண்டாம்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். "அவரின்ரை தம்பி வந்துதான் எல்லாம் நடத்துவார். சரியான கண்டிப்பு. நிறையப் புத்தகம் வாசிக்கிற ஆள். உங்களைப் பற்றி விசாரிச்சவர். அந்த ஆசிரியர் எந்தப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறவர் எண்டு கேட்டவர். உங்களோடை கதைக்க ஆசையாம்."

இரண்டு வருடம் ஓட்டியாகிவிட்டது. இனி ஒரு புத்தகம் வாசிக்கிற மனுசன் இரண்டு கேள்வி கேட்டால் போதும், அந்தச் சொல் போய்விடும். சொல்லோடு சனிக்கிழமையும் போய்விடும்.

சூசொக் செவ்வாய்க்கிழமை வந்தது. உர்லௌப், அதாவது லீவு, எடுக்கப் படிவம் நிரப்பிக்கொண்டு குசினிப் பொறுப்பாளரிடம் போனேன்.

"உங்கள் பண்டிகையா?"

"இல்லை. கொரியாக்காரரின் பண்டிகை."

"நீங்கள் கொரியாவா?"

"இல்லை."

"மனைவி?"

"இல்லை."

அவர் கையெழுத்துப் போட்டார். அத்தனை வருட வேலையில் நான் அவரோடு பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

மனுசி ஒரேயொரு புத்தி சொன்னாள். "ஐஞ்சாம் வகுப்பெண்டு வாய் திறக்காதேங்கோ."

"நான் வாயே திறக்கமாட்டன்."

"ஓம், நீங்கள் வாய் திறந்ததை நானே எப்ப கண்டன்? சரி, வெறுங்கையோடையோ போகப்போறியள்?"

வெறுங்கையோடு போவதாவது. எங்களில் ஒருவர் செத்த எட்டாம் நாள், அவருக்கு உயிரோடிருக்கும்போது எது பிடித்ததோ அதைப் படைப்போம். மீன் பிடித்தால் மீன், கள் பிடித்தால் கள். என் தகப்பனுக்குச் சுருட்டும் நெருப்புப் பெட்டியும் வைத்தோம். நெருப்புப் பெட்டி இல்லாமல் அந்த மனுசன் சுருட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று தாய் மறக்காமல் வைத்தார். ஆகவே அக்காவின் கணவருக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று டெலிபோன் எடுத்தேன். இரண்டு முறை மணி அடித்தது. வெட்கம் வந்து வைத்துவிட்டேன்.

வகுப்பில் மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்த எங்கள் கறித்தூளை நான்கு கரண்டி போடுவேன். அவருடைய பெட்டிக்கு மட்டும் தனியாக இன்னும் கொஞ்சம் தூவுவேன். அவருக்குப் பிரஷர் என்று அக்கா சொல்லிப் பயந்ததால் அதற்கு மேலே போனதில்லை. இப்போது யோசித்தேன். இனி அந்த மனுசனுக்குப் பிரஷரும் இல்லை, டொக்டரும் இல்லை. ஆசை தீரச் சாப்பிடட்டும். எட்டுக் கரண்டி போட்டேன்.

செவ்வாய் காலை, மூன்றாம் மாடியில் அக்காவின் வீடு. சட்டியைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்து, மூடியில் டேப் ஒட்டிக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தது தம்பியார். எழுபது வயதுக்கு மேல், மெலிந்த சின்ன உடம்பு, கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டி. கையில் ஒரு திசைகாட்டி. அவரும் அண்ணனோடு அதே சுரங்கத்தில் வேலை செய்தவர். திசைகாட்டி அந்தக் காலத்துச் சாமான். படையல் மேசை வடக்குப் பார்த்து இருக்க வேண்டுமாம். வடக்கு என்றால் வடக்கு. அதனால் மேசை அறைக்குக் குறுக்காக, ஒரு மூலை தொலைக்காட்சிப் பெட்டியை இடித்துக்கொண்டு நின்றது. சமையலறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பக்கவாட்டில் நடந்தார்கள்.

"ஆசிரியரோ?" என்று கேட்டுக் குனிந்தார்.

நானும் குனிந்தேன். அவர் நிமிரும்வரை நிமிரக்கூடாது என்று நினைத்தேன். அவரும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். அக்கா வந்து இரண்டு பேரையும் நிமிர்த்தினார். அந்தச் சந்தடியில் பையைக் கதவுக்குப் பக்கத்தில், கோட்டுகள் தொங்கும் இடத்துக்குக் கீழே வைத்துவிட்டேன்.

உள்ளே பெண்கள் தரையில் இருந்து சொங்பியொன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரிசிமாவைக் குழைத்து, உள்ளே எள்ளும் தேனும் வைத்து, அரை நிலவு வடிவத்தில் மூடுகிற பலகாரம். பைன் மரத்து ஊசி இலைகளைப் பரப்பி அதன் மேல் அவிப்பார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கொழுக்கட்டை! பேசாமல் இருந்து நானும் பிடிக்க ஆரம்பித்தேன். கை தன் பாட்டில் ஓரத்தை மடித்து மடித்துப் பல்லு வைத்துவிட்டது. தராசுக்காரப் பெண் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். தம்பியார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"நிலவுக்குப் பல் இல்லை" என்றார்.

"ஆசிரியரின்ரை நிலவுக்கு இருக்கு" என்றார் அக்கா. என் நிலவுகள் தட்டின் பின்வரிசைக்குப் போயின.

மேசை நிரம்பியது. சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே. மீனின் தலை கிழக்கே. தம்பியார் திசைகாட்டியோடு வந்து ஒரு பேரிக்காயை இரண்டு விரல் நகர்த்தினார். நடுவில் ஒரு சின்னத் தாங்கியில், மையால் மேலிருந்து கீழாக எழுதிய வெள்ளைக் கடுதாசி. அதுதான் இறந்தவர். அவர் உள்ளே வருவதற்காக வாசற்கதவை அகலத் திறந்து வைத்தார்கள். வந்தது மேல்மாடி ஜெர்மன்காரி, நாயோடு. "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொன்னார். தம்பியார் குனிந்தார். நாய் மட்டும் போக மறுத்து, கோட்டுகளுக்குக் கீழே மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பியார் மது வார்த்தார். இரண்டு முறை நெற்றி தரையில் படக் கும்பிட்டார். பிறகு சோற்றுக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, கரண்டியைச் சோற்றில் குத்தி வைத்தார். "இனி அண்ணன் சாப்பிடட்டும்" என்றார். சாப்பிடுகிறவரை யாரும் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. எல்லோரும் வெளியே போய், அறைக் கதவைச் சாத்திவிட்டு நடையில் நிற்க வேண்டும்.

எப்போதும் போல நான்தான் கடைசி ஆள். பை என் காலடியில் இருந்தது. அவர்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். நான் இரண்டே எட்டில் உள்ளே போய், சட்டியைக் கடுதாசிக்கு நேர் முன்னால் வைத்தேன். டேப்பைப் பிய்த்தேன். சோற்று மூடியைத் திறந்தார்களே, இதையும் திறக்க வேண்டும்தானே என்று திறந்தேன். வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். இத்தனை பெரிய காரியத்தை யாரிடமும் ஒரு சொல் பேசாமல் முடித்துவிட்டேன் என்று எனக்கு என்மேல் ஒரு மதிப்பே வந்தது.

வாசனைக்குக் கதவு ஒரு கணக்கில்லை. முதலில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினார். அடுத்தவர் தும்மினார். உள்ளே போகுமுன் தம்பியார் மூன்று முறை இருமி அறிவிக்க வேண்டும். அது வழக்கம். அவர் மூன்று முறை இருமினார், பிறகு வழக்கத்துக்கு வெளியே இன்னும் நான்கு முறை இருமினார். கதவைத் திறந்தார்.

மேசை நடுவில், இறந்தவர் தானே கொண்டுவந்து வைத்ததுபோல, மூடி திறந்தபடி என் சட்டி.

"இது ஆர் வைச்சது?"

அக்காவைத் தவிர மற்றப் பெண்கள் நால்வரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். அதிலேயே ஆள் பிடிபட்டுவிட்டது.

"நான்தான்" என்றேன்.

"என்ன அது?"

"ஆட்டிறைச்சிக் கறி."

"மிளகாய் போட்டதோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

குறைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சமையலைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. "எட்டுக் கரண்டி."

"தேக்கரண்டியோ?"

"மேசைக்கரண்டி."

"உள்ளிப்பூண்டு?"

"மூண்டு முழு உள்ளி."

அவர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். "மிளகாயும் உள்ளியும் ஆவியளைத் துரத்திற சாமான். செத்த ஆக்களின்ரை மேசையிலை அதுகள் படவே கூடாது. நீங்கள் அதைக் கொண்டுவந்து மனுசனின்ரை மூக்குக்கு நேரை வைச்சிருக்கிறியள். அண்ணன் இப்ப எங்கை நிக்கிறாரோ!"

"பஸ் தரிப்பிடத்திலை நிப்பார்" என்றார் தராசுக்காரப் பெண், மெதுவாக.

"சிரிக்கிற விசயம் இல்லை!" என்றார் தம்பியார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்கள் ஆசிரியர். படிச்ச மனுசன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே?"

அக்கா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனுசனுக்கு வந்த முதல் சூசொக். அதை நான் கெடுத்துவிட்டேன். இனி எதை மறைத்து என்ன?

"நான் படிக்கேல்லை" என்றேன். "ஐஞ்சாம் வகுப்பு மட்டும்தான். நான் ஆசிரியர் இல்லை. குசினியிலை வெங்காயம் உரிக்கிறனான். எங்கடை வீட்டிலை செத்த ஆக்களுக்குப் பிடிச்சதைத்தான் வைப்பம். அவருக்கு இது பிடிக்கும். அதுதான் வைச்சனான்."

என் வாழ்க்கையில் இத்தனை பேர் முன்னால் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. சட்டியைப் பார்த்துத்தான் பேசினேன் என்பது வேறு விசயம்.

பிறகு தராசுக்காரப் பெண் சொன்னார்: "ஆனா உப்பு ஒவ்வொரு முறையும் பதினெட்டு கிராம்." நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோலச் சொன்னார்.

தம்பியார் எழும்பினார். நான் கிளம்பிப்போகச் சப்பாத்தைத் தேடினேன். ஆனால் அவர் யன்னல்களைக் காட்டினார். "திறவுங்கோ எல்லாத்தையும். சுரங்கத்திலை வாயு வந்தா என்ன செய்யிறது? ஆக்களை மேலை ஏத்தி, காத்து விட்டு, பிறகு திரும்ப இறக்குறது. அதையே செய்வம். சட்டி பல்கனிக்குப் போகட்டும்."

"திரும்பக் கூப்பிட்டால் வருவாரோ?" என்று கேட்டார் அக்கா. கறியைக் கண்ட பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இருபது வருசம் சுரங்கத்திலை சங்கு ஊதினவுடனை வந்த மனுசன். வருவார்."

அரை மணி நேரம் காற்று விட்டோம். ஒரு பெண் கதவை விசிறினார். இன்னொருவர் மேசைத் துணியை உதறினார். சட்டியை நான் பல்கனி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மூடியைப் போட மறந்துவிட்டேன். மறுபடி மது, மறுபடி கும்பிடு, மறுபடி கரண்டி, மறுபடி எல்லோரும் நடையில்.

இந்த முறை தம்பியார் என் பக்கத்தில் வந்து நின்றார். தீர்ப்பு வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அந்தக் கடுதாசியிலை என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமோ?" என்று குசுகுசுத்தார்.

"அவரின்ரை பேர்."

"இல்லை. பேர் எழுதுறேல்லை. அரசாங்க உத்தியோகத்திலை இருந்த ஆளெண்டா உத்தியோகத்தை எழுதுவம். உத்தியோகம் இல்லாத ஆளெண்டா மாணவன் எண்டு எழுதுவம். என்ரை அப்பா வயல்காரன், ஒரு எழுத்துத் தெரியாது. அவருக்கு மாணவன் எண்டுதான் எழுதுறனான். அண்ணன் கரி தோண்டினவர். மாணவன். நான் செத்தாலும் மாணவன்தான்."

நான் யோசித்தேன். "எந்த வகுப்பெண்டும் எழுதுறதோ?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உதட்டின் ஒரு பக்கம் ஆடியது. "வகுப்பு எழுதுறேல்லை" என்றார்.

இருமினார், கதவைத் திறந்தார். மேசை ஒழுங்காக இருந்தது. ஆனால் பல்கனியில் டக் டக் என்று சத்தம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், என் சட்டியின் விளிம்பில் ஒரு காகம். பெரிய, பளபளப்பான காகம்.

பெண்கள் பதறினார்கள். ஒருவர் கையைத் தட்டினார், ஒருவர் விளக்குமாற்றை எடுத்தார். "காகம்! ஐயோ, இண்டைக்குப் பார்த்துக் காகம்!" கொரியாவில் காகம் கெட்ட சகுனமாம். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், படைத்த சோற்றுக்குக் காகம் வந்தால் செத்தவர் வந்துவிட்டார் என்பதுதான்.

"துரத்தாதேங்கோ!" என்று கத்தினேன். "அது அவர்தான்!"

கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. விளக்குமாறு அந்தரத்தில் நின்றது. அவசர அவசரமாக விளக்கினேன்: எங்களில் காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பிடுவோம், அது வராவிட்டால் ஏதோ குறை என்று கவலைப்படுவோம், வந்தால் நிம்மதி.

"எங்கடை வழக்கப்படி காகம் கூடாது" என்றார் தம்பியார்.

அக்கா கண்ணாடிக்கு அருகே போய் நின்றார். காகம் எலும்போடு ஒரு துண்டை இழுத்தெடுத்து விழுங்கியது. தலையைப் பல்கனிக் கம்பியில் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை துடைத்தது. மறுபடி வந்து இன்னொரு துண்டு எடுத்தது. மறுபடி துடைத்தது.

"துடைக்கிற மாதிரியைப் பாருங்கோ" என்றார் அக்கா. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை. தோள் ஆடியது. பிறகு தம்பியாரிடம் திரும்பினார். "மேசை எங்கடை. அதுக்கு எங்கடை வழக்கம். கறி ஆசிரியரின்ரை. அதுக்கு அவையின்ரை வழக்கம். விடுங்கோ, சாப்பிடட்டும்."

தம்பியார் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். பல்கனி எந்தப் பக்கம் என்று பார்த்தாரோ என்னவோ. "கிழக்கு" என்றார். "பரவாயில்லை." விளக்குமாறு கீழே வந்தது.

காகம் போன பிறகு, தம்பியார் வழக்கப்படி கடுதாசியைப் பல்கனியில் ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொளுத்தினார். பிறகு நாங்கள் சாப்பிட்டோம். காகம் தொடாத பக்கத்திலிருந்து கறி எடுக்கலாமா என்று தம்பியார் கேட்டார். அக்கா உள்ளே போய் ஒரு துவாய் கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனுசி கேட்டாள்: "வாய் திறந்தியளோ?"

"ஓம்."

"என்ன சொன்னியள்?"

"எல்லாத்தையும்."

"அப்ப சனிக்கிழமை சேர்ட் அயர்ன் பண்ண வேண்டாமோ?"

அது எனக்கும் தெரியவில்லை. அக்கா போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. சொங்பியொன் ஒரு பெட்டி தந்தார், அவ்வளவுதான். பெட்டியில் முழுவதும் என்னுடைய பல்லு வைத்த நிலவுகள். திருப்பித் தந்துவிட்டார்கள் என்றும் எடுக்கலாம், விசேஷமாகத் தந்தார்கள் என்றும் எடுக்கலாம். நான்கு நாள் இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சேர்ட்டை அயர்ன் பண்ணினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மண்டபத்துக் குசினியில் ஐந்து பேருக்குப் பதிலாக ஆறு பேர் நின்றார்கள். ஆறாவது ஆள் கறுப்புக் கோட்டுக்கு மேலே ஏப்ரன் கட்டியிருந்தார். கையில் புதுக் கொப்பி. தராசுக்காரப் பெண் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல அடுப்பின் பக்கம் திரும்பினேன். "இப்ப வெங்காயம் போடுறம்" என்று சட்டிக்குச் சொன்னேன்.

"சொன்செங்நிம்" என்று பின்னாலிருந்து தம்பியாரின் குரல் வந்தது. "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். சுரங்கத்துச் சத்தம். நீங்கள் சட்டியோடை கதைச்சா எனக்குக் கேக்காது. இஞ்சாலை திரும்பிக் கதையுங்கோ."

திரும்பினேன். ஆறு முகங்கள். நாக்கு ஒட்டத்தான் செய்தது.

அவர் பேனையைத் திறந்தார். "முதல்லை தூள். எத்தினை கரண்டி?"

"நாலு" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை எட்டு."

"அது..."

"எட்டெண்டு எழுதுறன்" என்றார் மாணவன், எழுதினார்.